மயில்கழுத்து நிறச் சட்டை

ஜூன் 11, செவ்வாய்

"தெனமும் என்ன நடந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வெயுங்கம்மா. யாரு போன் பண்ணாங்க, யாரு பாத்தேன்னு சொன்னாங்க, எல்லாத்தையும். நாளைக்குக் கேட்டா மறந்துபோகும்" என்று போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டம்மா சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். மற்றபடி எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கமெல்லாம் கிடையாது. நாள் முழுக்க அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மளிகைச் சாமான் பட்டியல் எழுதக்கூடக் கை வராது.

விஷயம் இதுதான். என் கணவர் குழந்தைவேல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பால் வாங்கப் போனார். இன்னும் வரவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை.

ஏட்டம்மா ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"நெறம்?"

"மாநிறம்."

"ஒசரம்?"

"நடுத்தரம்."

"ஒடம்பு?"

"ஒல்லியும் இல்ல, குண்டும் இல்லைங்க."

"மூஞ்சி எப்படி இருக்கும்?"

"லட்சணமா இருப்பாருங்க."

ஏட்டம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, ஈரோட்டுல பாதி ஆம்பளைங்க இப்படித்தான் இருப்பாங்க. அங்க அடையாளம் ஏதாச்சும் சொல்லுங்க."

இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தாரணியிடம் சொன்னால், "அந்த மச்சம் அப்பாவுக்கு இல்லம்மா, பெரியப்பாவுக்கு" என்கிறாள். தாரணி என் மகள், பிளஸ் டூ படிக்கிறாள். பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். பதற்றத்தில் யாருக்கும் வாய் குழறத்தான் செய்யும். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போய் மச்சத்தை அடிக்கச் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, புதன்

லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலைக்குப் போனேன்.

கிருபாகரன் கடை ஆன்லைன் சேலைக் கடை. அவர்கள் படம் எடுத்துப் போடுவார்கள், படத்துக்குக் கீழே நான்கு வரி எழுதிப் போடுவது என் வேலை. ஆடித் தள்ளுபடி வருகிறது, ஒரு நாளைக்கு அறுபது சேலை. கிருபாகரன் என்னைவிடப் பத்து வயது சின்னவன், முதலாளி. அவன் போட்ட சட்டம் மூன்று. ஒரு சேலைக்கு ஐந்து வர்ணனையாவது வேண்டும். ஒரே பக்கத்தில் ஒரு சொல் இரண்டு தடவை வரக் கூடாது. குறையை எழுதவே கூடாது. "சாயம் போகும்னு எழுதுனா யாருங்க்கா வாங்குவாங்க?" என்பான். அதனால் என் பேனாவில் மெல்லிய, மிருதுவான, கண்ணைப் பறிக்கிற, மனதை மயக்குகிற, பாரம்பரியமான எல்லாம் எப்போதும் தயாராக இருக்கும். பெரும்பாலான சேலைகளை நான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

இன்று முப்பத்தெட்டு சேலைதான் எழுத முடிந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தால் எப்படி எழுதுவது?

மூலையில் கத்திரிப்பூ நிறச் சேலைகள் பதினான்கு கிடக்கின்றன. நான் எழுதிய நிறமும் கைக்கு வந்த நிறமும் வேறு என்று வாங்கியவர்கள் திட்டி, திருப்பி அனுப்பியவை. அதைப் பற்றி இப்போது எழுதப் பிடிக்கவில்லை.

"அண்ணன் வந்துருவாருங்க்கா" என்றான் கிருபாகரன். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அன்னிக்கு நான் வீட்டுக்கே வந்திருக்கக் கூடாது" என்றான்.

"அன்னிக்கு ஒண்ணும் நடக்கல" என்றேன்.

ஜூன் 13, வியாழன்

நோட்டீஸ் எழுதிவிட்டேன். ஊரில் யாருக்கு எழுதத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியுமே. அரை மணி நேரம் ஆனது.

"காணவில்லை. பெயர் குழந்தைவேல், வயது 47. கம்பீரமான தோற்றம், களையான மாநிற முகம், எடுப்பான மீசை, நடுத்தர உயரம். காணாமல் போன அன்று பளிச்சென்ற மயில்கழுத்து நிறச் சட்டையும் தூய வெள்ளை வேட்டியும் அணிந்திருந்தார். அன்பான கணவர், பொறுப்பான தகப்பனார், அமைதியான மனிதர். கண்டவர்கள் கீழ்க்கண்ட எண்ணுக்குத் தெரிவிக்கவும்."

படத்துக்குத்தான் தாரணியோடு தகராறு. போன மாதம் தன் போனில் எடுத்த ஒன்றைக் காட்டினாள். அதில் மெலிந்து, சவரம் செய்யாமல் சீக்காளி மாதிரி இருந்தார். இதைப் போய் ஊர் முழுக்க ஒட்டுவதா? என் தங்கச்சி கல்யாணத்தில் எடுத்த படத்தைக் கொடுத்தேன். ஒன்பது வருஷம் ஆகிறது, ஆனால் மீசை நன்றாக இருக்கும். கிருபாகரன் கம்ப்யூட்டரில் போட்டு முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினான். சேலைக்குச் செய்வதுதான்.

ஜூன் 15, சனி

முந்நூறு போஸ்டர். கடையின் பார்சல் வண்டிகள் தினமும் பவானி, கோபி, சத்தி, பெருந்துறை என்று போகின்றன. டிரைவர்களிடம் கொடுத்து பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, சாப்பாட்டுக் கடை என்று ஒட்டச் சொன்னோம். ஈரோட்டில் நானும் தாரணியும் ஒட்டினோம். பசை விரல் நகத்துக்குள் போய்க் காய்ந்து, இன்னும் பிசுபிசுக்கிறது.

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அதை மாற்றுவது அவர் வேலை. ரெகுலேட்டர் உட்காரவே இல்லை. பக்கத்து வீட்டில் கூப்பிட மனமில்லாமல், இரண்டு பேரும் கடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம்.

ஜூன் 16, ஞாயிறு

ஒரு வாரம் ஆகிறது. பால் நானே வாங்கினேன்.

ஜூன் 18, செவ்வாய்

போன் வருகிறது, வராமல் இல்லை. மூன்று நாளில் இருபத்து மூன்று அழைப்பு. பெருந்துறையில் நடுத்தர உயரத்தில் ஒருவர் நின்றிருந்தாராம். கோபியில் மாநிறமாக ஒருவர் டீ குடித்தாராம். அந்தியூரில் ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருந்தாராம், ஆனால் அவருக்கு அறுபது வயதிருக்குமாம். அமைதியாக உட்கார்ந்திருந்தால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

பவானியில் இருந்து ஒருவர் ரொம்பவும் உறுதியாகச் சொன்னார். "மயில்கழுத்துக் கலருங்க, பளிச்சுனு இருக்குது, ஒடனே வாங்க." பஸ் பிடித்து ஓடினேன். கல்யாண மண்டபம். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் இருபது பேர், எல்லாரும் மயில்கழுத்து நிறத்தில் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன். பிறகு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். எந்த மகராசி வந்து என்ன கேட்பாளோ என்ற கவலைகூட இல்லை.

ஜூன் 20, வியாழன்

காலை பத்து மணிக்கு ஏட்டம்மா கூப்பிட்டார். வாய்க்காலில் ஒரு ஆள் கிடைத்திருக்கிறது, அரசு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார். ஆள் என்று சொன்னார். பிணம் என்று சொல்லவில்லை.

தாரணியைக் கூட்டிப் போகவில்லை. ஏட்டம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். முகத்துக்கு மேல் துணி போட்டிருந்தது. அதை எடுக்கப் போனவரிடம், "கையக் காட்டுங்க" என்றேன். கைகள் கறுப்பாக, முழங்கை வரை ஒரே நிறமாக இருந்தன. அவர் இல்லை. முகத்தைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் தண்ணீர் குடித்தபோது ஏட்டம்மா கேட்டார். "கையப் பாத்ததும் இல்லன்னு சொன்னீங்களே, எப்படி?"

"அவருக்கு ரெண்டு முன்கையிலயும் வெள்ள வெள்ளயாத் திட்டு இருக்குங்க. சாயப்பட்டறையில வேல செஞ்சவரு. சாய மருந்து பட்டு அப்படி ஆயிருச்சு. அதனாலதான் டாக்டரு வேலைய விடச் சொல்லிட்டாரு."

ஏட்டம்மா என்னையே பார்த்தார். "அன்னிக்கு அங்க அடையாளம் கேட்டனே. அத ஏம்மா சொல்லல? உங்க போஸ்டர்லயும் இல்லையே?"

எனக்குப் பதில் வரவில்லை. இருந்த பதிலைச் சொல்ல முடியவில்லை என்பதுதான் சரி.

ஜூன் 21, வெள்ளி

பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். திட்டு இருக்கிறது என்று எழுதினால் ஏதோ தோல் வியாதி என்று நினைப்பார்கள். நாளைக்கு தாரணியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கும் போகும். அதைவிட முக்கியமான காரணம், குறையை எழுத என் கைக்கு வராது. நான்கு வருஷமாகப் பழகிய கை.

தாரணியிடம் இதைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"அப்பாவச் சேல மாதிரி எழுதியிருக்கீங்கம்மா" என்றாள். போஸ்டரை மேஜையில் விரித்து, போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்தாள். "இந்தச் சட்டையப் பாருங்க. இதுதான் அன்னிக்குப் போட்டிருந்தது. இது மயில்கழுத்தா?"

படத்தில் இருந்த சட்டைக்கு எந்த நிறமும் இல்லை. அழுக்குத் துணி அலசிய சோப்புத் தண்ணீர் இருக்குமே, அந்த மாதிரி. தோள்பட்டை நூல் நூலாகத் தேய்ந்திருந்தது. நான்தான் வாங்கிக் கொடுத்த சட்டை. மூன்று தீபாவளிக்கு முன்னால். வாங்கும்போது மயில்கழுத்து நிறம்தான், சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை துவைத்திருக்கிறேன், காயப்போட்டிருக்கிறேன், மடித்திருக்கிறேன். பார்க்கவில்லை.

முந்நூறு போஸ்டரில் புதுச் சட்டை போட்ட ஒருவரை நான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 22, சனி

புதிதாக எழுத உட்கார்ந்தேன். "மெலிந்த" என்று எழுதினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. இரண்டு தடவை எழுந்து தண்ணீர் பிடித்தேன். மாவரைத்தேன். மறுபடி உட்கார்ந்தேன். மூக்கு எப்படி இருக்கும்? நடப்பது எப்படி? "விறுவிறுப்பான நடை" என்று எழுதி அடித்தேன், "தளர்ந்த நடை" என்று எழுதி அதையும் அடித்தேன். இரண்டும் என்னிடம் தயாராக இருந்த சொற்கள். அவருடையவை அல்ல.

சேலைக்கு ஐந்து வர்ணனை ஐந்து நிமிஷத்தில் எழுதுகிறவள் நான்.

ஜூன் 23, ஞாயிறு

அவருடைய பொருள்களை எல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டேன். தாரணியும் சேர்ந்துகொண்டாள். அவருடைய டம்ளரின் விளிம்பு ஒரு பக்கம் மங்கியிருக்கிறது. "அப்பா அண்ணாந்து குடிக்க மாட்டாரு, வாய் வெச்சுத்தான் குடிப்பாரு. நீங்க அதுக்குத் திட்டுவீங்க" என்றாள். எல்லாச் சட்டையும் முழுக்கைச் சட்டை. அதில் இரண்டின் இரண்டாவது பொத்தான் வேறு நிறம், போன் படத்தில் இருக்கும் சட்டையிலும் அப்படித்தான். யார் தைத்தது? நான் தைக்கவில்லை. அவரே தைத்திருக்க வேண்டும்.

அவர் எந்தக் கடையில் எதை வாங்கினாலும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சோப்பைக்கூட. இருபத்திரண்டு வருஷம் சாயம் கலக்கியவர், ஒரு சிட்டம் நூலில் அரைச் சொட்டு மஞ்சள் கூடினால் சொல்லிவிடுவார் என்று பட்டறையில் பேர் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை எங்கே வைத்திருந்தேன் என்றுதான் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் பழக்கம். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. "சாதம் போடட்டுமா" என்று கேட்டால் குழம்பு ஆறும்வரை யோசிப்பார். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துச் சிரிப்பேன். எப்போது அது எரிச்சலாக மாறியது என்று நினைவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். அது பொய் இல்லை. சண்டை போட இரண்டு பேர் வேண்டும்.

எழுதிவிடுகிறேன். இதை எழுதாமல் நோட்டீஸ் வராது போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருபாகரன் அந்தக் கத்திரிப்பூ நிறச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "ஊதாவும் இல்ல, சிவப்பும் இல்ல, என்ன பேரு போட்டாலும் திருப்பி அனுப்பறாங்க. அண்ணன் சாயப்பட்டறைல இருந்தவராச்சே, சரியாச் சொல்லுவாரு" என்றான். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சேலையை வாங்கினார். வேலையை விட்டு ஒன்றரை வருஷத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவர் முகம் அப்போது மலர்ந்தது. அன்று பார்த்தேன், இன்றுதான் புரிகிறது.

சேலையைப் பிரித்தார். திருப்பினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். நின்றார். நான் குக்கரை இறக்கிக்கொண்டே, "என்ன கலருங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. கிருபாகரன் மணியைப் பார்த்தான். மறுபடி கேட்டேன். பதில் இல்லை. மூன்றாவது தடவையும் இல்லாமல் போனபோது, "விடு கிருபா. வெத்து மனுஷங்கிட்டப் போயிக் கேட்டுக்கிட்டு" என்றேன்.

கிருபாகரன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன்.

நாளெல்லாம் அத்தனை வர்ணனை எழுதுகிறேன். அவருக்கென்று நான் எடுத்துக் கொடுத்தது அந்த ஒன்றுதான்.

அவர் சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்து நாற்காலியில் வைத்தார். "பாலு தீந்துபோச்சா?" என்று கேட்டார். தீரவில்லை. முக்கால் சொம்பு இருந்தது. "ஆமா" என்றேன். கொஞ்ச நேரம் கண்ணுக்கு எதிரில் இல்லாமல் இருந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

ஜூன் 26, புதன்

ஒரே மூச்சில் வந்தது. தாரணி போன மாதம் எடுத்த படத்தைத்தான் போடப் போகிறோம், வெளிச்சம் எதுவும் கூட்டாமல்.

"காணவில்லை. குழந்தைவேல், வயது 47. மெலிந்தவர். மீசை பாதி நரைத்தது, கன்னத்தில் எப்போதும் இரண்டு நாள் தாடி. இரண்டு முன்கைகளிலும் வெளுத்த, சொரசொரப்பான திட்டுகள் உண்டு. சாயப்பட்டறை வேலையால் வந்தவை, ஒட்டிக்கொள்ளாது. அதை மறைக்க வெயிலிலும் முழுக்கையை இறக்கியே விட்டிருப்பார். சட்டை முன்பு மயில்கழுத்து நிறம், இப்போது சோப்புத் தண்ணீர் நிறம். காலருக்கு உள்பக்கம் மட்டும் பழைய நிறம் தெரியும். இரண்டாவது பொத்தான் வேறு நிறம். வலது செருப்பு குதிகால் பக்கம் தேய்ந்தது. தண்ணீரை வாய் வைத்துத்தான் குடிப்பார். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. காது கேட்காதவர் என்றோ விவரம் இல்லாதவர் என்றோ நினைத்துவிட வேண்டாம். தயவுசெய்து பொறுத்திருங்கள். பதில் வரும்."

கிருபாகரன் இரண்டு தடவை படித்தான். பிறகு, "ஐநூறு அடிச்சுரலாங்க்கா" என்றான். திட்டுகளைப் பற்றி எழுதியதை எடுக்கச் சொல்வானோ என்று பார்த்தேன். சொல்லவில்லை.

ஜூன் 28, வெள்ளி

போஸ்டர் போய்விட்டது. பழையதற்கு மேலேயே ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

என் நாத்தனார் போனில் கத்தினாள். "ஏஞ் சாந்தாமணி, என்ற அண்ணனுக்குத் திட்டு இருக்குதுன்னு ஊருக்கே தண்டோரா போடறயா? உனக்கே நல்லாருக்குதா?" நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

ஒரு அழைப்புகூட இல்லை. அன்று இருபத்து மூன்று வந்தபோது எரிச்சல்பட்டேன். இன்று ஒன்றாவது வராதா என்று இருக்கிறது. இவரைப் போல வேறு யாரும் இல்லை என்பதால்தான் வரவில்லை என்று தாரணி சொல்கிறாள். கெட்டிக்காரப் பேச்சு. அவள் உதடும் காய்ந்துதான் கிடக்கிறது.

உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. கடையில் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு சேலைக்கு, "முதல் இரண்டு துவைப்பில் சாயம் கொஞ்சம் போகும், அதன் பிறகு போகாது" என்று எழுதி அனுப்பிவிட்டேன். கிருபாகரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஜூலை 3, புதன்

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு அம்மா பேசினார். சத்தியமங்கலத்தில் பூ மார்க்கெட் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம். பேர் பாவாத்தாள்.

"ஏனுங் கண்ணு, போஸ்டர் போட்டது நீங்கதானுங்களா? அரிசி வேகட்டும்னு நின்னப்போ படிச்சேன். பகீர்னு ஆயிப்போச்சு. இவரு மூணு வாரமா என்ற கடையிலதான் சாப்படறாரு. பூ மூட்ட எறக்கற வேல. நேத்து மோரு ஊத்தட்டுங்களான்னு கேட்டேன். மோருப் பானையே காலியாயிப்போச்சு, அப்பறமா, 'ம், ஊத்துங்க'ங்கறாரு. வாழப்பழத்தக் குடுத்தா வெளிய கொண்டுபோயிப் பாக்கறாரு."

தாரணிதான் போனை வாங்கி, "நல்லாருக்காருங்களா? சாப்படறாருங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்காரு சாமி. அதுல பாரு, பழைய போஸ்டரு எங்க கடச் செவுத்துலயேதான் இருந்துச்சு. அதுக்கு அடியில ஒக்காந்துதான் தெனமும் சாப்பிட்டாரு. எனக்குத் தெரியவே இல்ல. அந்தப் போட்டாவுல இருந்தது யாரோ மாப்ளையாட்ட இருந்துச்சு."

ஜூலை 4, வியாழன்

தாரணிக்குப் பரீட்சை, நான் மட்டும் போனேன். கோபி தாண்டுவதற்குள் பஸ் எத்தனை இடத்தில் நின்றது என்று டிரைவருக்கே தெரிந்திருக்காது, எனக்குத் தெரியும்.

பாவாத்தாள் கடையில் உட்கார்ந்திருந்தேன், பதினொன்றரைக்கு வந்தார். அதே சட்டை. கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார். திட்டுகள் இரண்டு கையிலும் வெயில் பட்டுச் சிவந்து தெரிந்தன. என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவாரோ என்று பாதி எழுந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கையச் சுருட்டியிருக்கீங்க" என்றேன். இத்தனை நாள் கழித்து முதலில் வந்த பேச்சு அது.

பாவாத்தாக்கா இலை போட்டு, சாதம் போட்டு, குழம்பு ஊற்றிவிட்டுப் போன பிறகு சொன்னார். "ஊருக்கே எழுதிப் போட்டுட்டியே. இனி யாருகிட்ட மறைக்கோணும்?"

கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. சந்தோஷமும் இல்லை.

"மொதல்ல ஒட்டுனதப் படிச்சீங்களா?"

தலையாட்டினார்.

"ஏன் வரல? ஒரு போனாவது பண்ணியிருக்கலாமில்ல?"

ரசம் வந்தது. பிசைந்து முடித்தார். "பேரு என்னோடதுதான். ஆனா அது யாரோ நல்ல சட்ட போட்ட ஆளு. அந்த ஆளத்தானே தேடற, கெடச்சா வெச்சுக்கட்டும்னு இருந்துட்டேன்."

"ரெண்டாவது?"

இந்த முறை ரொம்ப நேரம் ஆனது. மோரும் வந்துவிட்டது.

"செருப்பு எடது பக்கந்தான் தேயும்" என்றார்.

குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். இடதுதான். அங்கேயே குனிந்தபடி இருந்துவிடலாம் போல இருந்தது. நிமிர்ந்து, "அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்புங்க. கிருபா முன்னால சொன்னது அதவிடத் தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றேன். "வீட்டுக்கு வர்றீங்களா?"

அவர் டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தார். கை கழுவினார். மார்க்கெட்டில் இருந்து ஆள் வந்து கூப்பிட்டது. என் தலையைத் தொட வந்த மாதிரி கையைத் தூக்கினார், தொடாமல் போய்விட்டார். பதில் சொல்லவில்லை.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாவாத்தாக்கா வந்து இலையை எடுத்தார். "நீங்கதான கண்ணு எழுதியிருக்கீங்க, பொறுத்திருங்கன்னு" என்றார்.

ஜூலை 5, வெள்ளி

இல்லை.

ஜூலை 6, சனி

தாரணி கேட்டாள், "அப்பா என்னதாம்மா சொன்னாரு?" செருப்பைப் பற்றிச் சொன்னார் என்றேன். சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அப்படித்தான் ஆனது. மூன்று வாரமாகக் கரண்ட் அடுப்பு ஒன்றை வாங்கி வைத்து ஓட்டினோம், ரெகுலேட்டரை இன்று நானே சரியாகப் பொருத்தினேன்.

ஜூலை 7, ஞாயிறு

நான்கு வாரம் ஆகிவிட்டது. அவர் சொல்லாமலே இருந்துவிட்டால்? எல்லாக் கேள்விக்கும் பதில் வரும் என்று யார் சொன்னது? நான்தான் எழுதினேன். எழுதுவது என் தொழில், எதை வேண்டுமானாலும் எழுதுவேன்.

ஜூலை 8, திங்கள்

பதினொன்று இருபதுக்கு பாவாத்தாக்கா நம்பரில் இருந்து போன். எடுத்தேன். பேச்சு இல்லை. பூ மார்க்கெட் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ சம்பங்கியை ஏலம் விடுகிறார்கள். அவர்தான் என்று தெரிந்துவிட்டது.

நான் எதுவும் கேட்கவில்லை. பேனாவை மேஜையில் வைத்தேன். கிருபாகரன் ஏதோ சொல்ல வந்தான், கையைக் காட்டி நிறுத்தினேன். ஏலம் முடிந்து இன்னொன்று தொடங்கியது.

"அந்தச் சேல கத்திரிப்பூ இல்ல சாந்தா" என்றார்.

"ம்."

"நாவப்பழம் தின்னுட்டு நாக்க நீட்டுனா ஒரு கலரு வருமில்ல. அது."

மூலையில் கிடந்த சேலைகளைப் பார்த்தேன். அதேதான். வேறு எதுவுமே இல்லை. ஒரு மாதமாகக் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது.

"அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்றார். "மேகம் வந்து மறச்சுக்கிச்சு. வெயில் வரட்டும்னுதான் ஜன்னலோரமா நின்னுட்டிருந்தேன்."

என்னால் பேச முடியவில்லை. அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"நாளைக்கு மத்தியானம் வர்றேன்" என்றார். கொஞ்சம் விட்டு, "வர்றப்போ பாலு வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

இந்தத் தடவை பதில் சொல்ல எனக்குத்தான் நேரம் ஆனது.